மீன் ரின்னுக்குள் ஒரு தலை

செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாவியோர வீதியில் எங்கள் பஸ் சட்டென்று நிற்கிறது. முன்னால் உடும்புபோல, ஆனால் அதைவிடப் பெரிய ஒரு கபரகொய்யா. யாரோ வீசிய வெற்றுத் தகர டப்பா, மீன் ரின்னுக்குள் தலை மாட்டி, வழி தெரியாமல் நடுவீதியில் சுற்றுகிறது. எதிரே லொறி வந்தால் நசிந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போய் விலங்கியல் படித்தவன் நான். அந்தத் தைரியத்தில் இறங்குகிறேன். அதற்குள் வீதியோரம் நண்டு விற்கும் அக்கா ஈரச் சாக்கை அதன்மேல் போட்டு அமுக்கிவிட்டார்.

“பார்த்துக்கிட்டு நிக்காம வாலப் பிடிங்க தம்பி! அது வாலால அடிச்சா நம்மட கால் முறியும்.”

பிடிக்கிறேன். நண்டைக் கட்டுவதுபோலவே முன்கால்களைச் சேர்த்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுகிறார். ரின்னை மெல்லத் திருகிக் கழற்றுகிறார். கழுத்தில் சின்னக் கீறல்தான். பஸ்ஸுக்குள் கைதட்டல்.

அக்கா முடிச்சை இழுத்துவிட்டுப் பாய்ந்து விலகுகிறார். வால் இன்னும் என் கையில்.

“இனி நான் என்ன செய்யிறது, அக்கா?”

“மறுகா என்ன, விட்டுட்டு ஓடுங்க!”

விடுகிறேன். அது வாவிக்கும் நான் பஸ்ஸுக்குமாக ஓடுகிறோம். அதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது என்கிறார் நடத்துனர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.