கூடார வாசலில் விட்ட செருப்பு

அமெரிக்காவில் சன்னிவேலில் இருக்கும் மகள் என்னை ஸ்காட்லாந்துக்காரர்களின் விளையாட்டுத் திருவிழாவுக்கு அழைத்துப் போனாள். அவர்கள் ஊர் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட பாவாடையோடு பெரிய மரக்கம்பத்தைத் தூக்கி எறிந்த பயில்வானைப் பார்த்து, "பாவாடை கட்டின தடியன்" என்று சிரித்தேன்.

பிறகு, அவர்களுடைய முன்னோர் படங்கள் வைத்திருந்த கூடாரத்துக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தேன். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். வெளியே தார்த்தரை கொதித்தது.

"அப்பா, இங்க யாரு செருப்பைக் கழட்டுவாங்க? தொலைஞ்சதுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. இங்கேயே வெயிட் பண்ணுங்க!" என்று மகள் தேடப் போனாள்.

நாற்பது நிமிடம் அங்கேயே சிக்கிக் கிடந்தேன். உள்ளே வந்த அதே பயில்வான், என் வெறுங்காலைப் பார்த்துத் தன் காலணிகளைக் கழற்றி என் முன் வைத்தார்.

"நான் எறிந்தபோது சிரித்து உற்சாகப்படுத்தியவர் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தலையாட்டினேன்.

அன்றைய டைரியில் நேரம், வெயில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தலையாட்டலை இப்போதுதான் எழுதுகிறேன்.