சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க்

சத்தியமாக நடந்தது இது. எனக்குக் கதை கட்டத் தெரியாது. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிறவன் நான். தேதி, நேரம், இடம் எல்லாம் அப்படியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்குக் கவலையில்லை. ஒரே ஒருத்தி இதைப் படிக்கவேண்டும். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கார்முகில். பொன்னமராவதியில் டிஜே கடை வைத்திருக்கிறேன். முன்கோபி என்று ஊரே சொல்லும். உண்மைதான். அந்தக் கோபத்தால்தான் ஒரு உயிர் போனது.

அவன் பெயர் அடைக்கலசாமி. ஆவூர்ப் பக்கத்துக்காரன். எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தான். நான் லேப்டாப்பில் உட்காருவேன். ஸ்பீக்கர் பாக்ஸ், ஒயர், ஹார்டு டிஸ்க் எல்லாம் அவன் பொறுப்பு. எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் உண்டு. இரண்டிலும் அதே 2,316 பாட்டு. அடையாளத்துக்கு ஒன்றில் பச்சை டேப் ஒட்டியிருந்தான், இன்னொன்றில் சிவப்பு. பச்சை நிகழ்ச்சிக்கு வரும். சிவப்பு அவசரத்துக்கென்று கடையில் இருக்கும்.

டிஸ்க்கை வண்டி டிக்கியில் வைக்கவே மாட்டான். குலுங்கினால் கெட்டுப்போகும் என்பான். சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து, மேலே பட்டன் போட்டுக்கொண்டு வருவான். அவன் எடுத்துக் கொடுக்கும்போது டிஸ்க் கதகதவென்று இருக்கும். கைப்பிள்ளையைத் தூக்கி வருகிறாயா என்று நான் கேலி செய்வேன். அவனும் சிரிப்பான்.

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. பொன்னமராவதியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபம். மஞ்சள் நீராட்டு விழா. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்ததும் பாட்டு விழவேண்டும். பாட்டு விழுந்தால்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். அது தவறினால் மாமன் வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

நாற்பது பெண்கள் சீர்த்தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். வெடி வெடித்து முடிந்துவிட்டது. லேப்டாப்பில் ஒரு பாட்டும் எடுக்கவில்லை. எல்லாப் பாட்டின் பக்கத்திலும் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி. ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டிஸ்க்கைக் கீழே போட்டுத் தொலைத்தாயா என்று அத்தனை பேர் முன்னாலும் அடைக்கலத்தைக் கேட்டேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"கீழ போடல முகிலு. ஒருவாட்டி கழட்டி மாட்டிப் பாரு."

எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கத்தினேன். பிறகு அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், யார் காதிலும் விழாமல், கடைக்குப் போய்ச் சிவப்பு டேப் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வா, போ என்றேன். அவன் வண்டியை எடுத்தான். மணி 7.05.

வேறு வழி தெரியாமல், செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டிஸ்க்கை மட்டும் திரும்ப மாட்டினேன். அவன் சொன்னதைத்தான் செய்தேன். அத்தனை பாட்டும் வந்துவிட்டது. மணி 7.09.

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கும். எங்கள் பாட்டெல்லாம் 'இ' என்ற இடத்தில் இருப்பதாகத்தான் சாஃப்ட்வேர் ஞாபகம் வைத்திருந்தது. அன்று சாயங்காலம் விழா வீட்டுக்காரர் ஒருவர் பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். நான்தான் அதை முதலில் செருகினேன். 'இ' அதற்குப் போய்விட்டது. பிறகு வந்த எங்கள் டிஸ்க் 'எஃப்' ஆகிவிட்டது. பழைய கதவு எண்ணை வைத்துக்கொண்டு தபால்காரர் வீடு தேடுகிற மாதிரி சாஃப்ட்வேர் தேடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. அடைக்கலத்திடமும் இல்லை. தப்பு என்னுடையது.

அப்போது அவன் இரண்டு கிலோமீட்டர்தான் போயிருப்பான். போன் என் கையில் இருந்தது. திரும்பி வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொன்னால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போய்விட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், மண்டபத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால், தைலமரக் கட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருக்கிறது. அதில் மோதினான். அவன் கடிகாரம் 7.49-இல் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடக் கேவலம்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி நான்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, வேலையைப் போட்டுட்டு அந்த ரோட்டுல எதுக்குப் போனாரு?"

எனக்குத் தெரியாது, சொல்லாமல் போனான் என்றேன். அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்த சிவப்பு டேப் டிஸ்க்கைக் காட்டினாள். ஒரு கீறல்கூட இல்லை. அதை எப்போதும் அங்கேதான் வைத்திருப்பான், நீயே வைத்துக்கொள் என்றேன். அதைத் தொடுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் விரதமிருக்கும் நாட்கள். நாற்பது நாளும் குடிப்பதில்லை என்று அடைக்கலம் ஆவூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தவன் வேறு எதற்குப் போயிருப்பான்? சரக்கு வாங்கத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறினான், சாமி தண்டித்துவிட்டது என்றார்கள். நான்சி காதுபடவே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்தன்று தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். பெட்டிக்குள் அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பாவி நான்.

ஒரு வருடம் அந்த மண்டபத்து வேலை எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2025 மார்ச் 9-ஆம் தேதி என் சொந்தச் சித்தப்பா மகனுக்கு அங்கே கல்யாண வரவேற்பு. தட்ட முடியவில்லை. போனேன்.

என்னோடு வந்தவர் வீரய்யா. ஐம்பது வயது, கொடும்பாளூர்க்காரர். பாக்ஸ் கட்டுவார், ஜெனரேட்டர் பார்ப்பார். என்னிடம் சேர்ந்து ஆறு மாதம்தான். அடைக்கலத்தை அவர் பார்த்ததில்லை. நானும் அவனைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

6.40. லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை டேப் டிஸ்க்கை மாட்டினேன்.

எல்லாப் பாட்டிலும் ஆச்சரியக்குறி.

பயமில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஒரு வருடத்தில் இந்தக் கோளாறை நான் கரைத்துக் குடித்திருந்தேன். டிஸ்க் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். 'எஃப்'. அப்படியானால் 'இ'-யில் என்ன இருக்கிறது? ஏதோ ஒன்று இருந்தது. பெயர் இல்லை. அளவு பூஜ்யம். ஆனால் நான் வேறு எதையும் செருகவில்லை. அன்றைக்குப் பிறகு யார் பென்டிரைவ் கொடுத்தாலும் வாங்குவதே இல்லை. லேப்டாப்பின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன். மற்ற துளைகள் எல்லாம் காலி.

கழற்றி மாட்டினேன். 'எஃப்'. வேறு துளையில் மாட்டினேன். 'எஃப்'. நானே எழுத்தை மாற்றப் பார்த்தேன். 'இ' வேறொன்றின் உபயோகத்தில் இருக்கிறது என்றது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். 6.58. மறுபடியும் 'எஃப்'. காணாமல்போன பாட்டுகளைத் தேடு என்று சாஃப்ட்வேரிடம் சொன்னேன். தேடியது... தேடியது... 2,316-இல் பூஜ்யம் என்றது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வர எட்டு மணி ஆகும். அதுவரை சமாளிக்கலாம் என்று என் போனில் ஒயரைச் செருகி நாதஸ்வரத்தை ஓடவிட்டேன்.

7.05.

"டுங்..."

டிஸ்க்கைக் கழற்றினால் லேப்டாப் போடும் சத்தம் அது. நான் எதையும் கழற்றவில்லை. பச்சை டேப் டிஸ்க் அப்படியே இருந்தது. திரையில் 'இ' மட்டும் மறைந்துவிட்டது. எதேச்சையாக மணியைப் பார்த்தேன்.

போனவருடம் அவன் வண்டியை எடுத்த நேரம்.

'இ' காலியாகத்தானே இருக்கிறது என்று மறுபடியும் மாற்றிப் பார்த்தேன். வேறொன்றின் உபயோகத்தில் இருக்கிறது என்றே சொன்னது.

7.09. நாதஸ்வரம் நின்றது.

போன் திரை தானாக வெளிச்சமானது. பெயர் வரிசை திறந்தது. மேலிருந்து கீழே நகர்ந்து ஒரு பெயரில் நின்றது. அடைக்கலம். நான் அந்த எண்ணை அழிக்காமல் வைத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. கூப்பிடும் பச்சைப் பொத்தான் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் அழுத்துவதற்காகக் காத்திருக்கிறது.

ஒரு நிமிடம் முழுக்க அப்படியே இருந்தது.

நான் அழுத்தவில்லை. இந்தத் தடவையும்...

திரை அணைந்தது. நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து பாடியது.

7.27. "டிங்..."

'இ' திரும்ப வந்துவிட்டது. அளவு பூஜ்யம். அவன் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம். எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். எதிரே இருநூறு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஐஸ்கிரீமைச் சிந்திவிட்டு அழுதது. எனக்கு மட்டும் கழுத்தோரம் வேர்வை ஓடியது.

7.40.

7.45.

7.48. மிக்ஸரில் எல்லாவற்றையும் முழுக்கக் குறைத்துவைத்தேன்.

7.49.

"டம்ம்..."

பாக்ஸிலிருந்து வந்தது. கட்டையில் எதுவோ மோதிய சத்தம். அப்புறம்... சக்கரம் சுற்றுகிற சத்தம். கிர்ர்ர்... கிர்ர்... கிர்...

நின்றது.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

7.55. வாசலில் ஜெனரேட்டர் பக்கம் நின்ற வீரய்யா வேகமாக வந்து என் கையில் ஒரு டிஸ்க்கைத் திணித்தார்.

"இந்தாங்க தம்பி. டிஸ்க்கு."

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆட்கள் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். யோசிக்க நேரமில்லை. பச்சை டேப் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஒயரில் மாட்டினேன்.

"டிங்..."

மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஆச்சரியக்குறிகள் உதிர்ந்தன. 2,316-உம் வந்துவிட்டது. பாட்டைத் தட்டினேன். கூட்டம் விசிலடித்தது.

அப்புறம்தான் என் விரல் அதை உணர்ந்தது.

டிஸ்க் கதகதவென்று இருந்தது.

குனிந்து பார்த்தேன்.

சிவப்பு டேப்.

வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"வாசல்ல ஒருத்தரு வந்தாரு. கோட்டு போட்டிருந்தாரு, கால்ல செருப்பு இல்ல. கையில கறுப்பா பாசிமணி சுத்தியிருந்துச்சு. சட்டைப் பட்டனைக் கழட்டி உள்ளேருந்து எடுத்துக் குடுத்தாரு."

"ஏதும் சொன்னாரா?"

"நேரமாயிருச்சு, முகிலைக் கோச்சுக்கிற வேணாம்னு சொல்லுங்கன்னாரு."

திரும்பினேன்.

ஒயர் வெறுமனே தொங்கியது.

மேசையில் அந்தச் சிவப்பு டேப் டிஸ்க் இல்லை. மேசைக்குக் கீழே இல்லை. எங்கும் இல்லை.

பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆவூருக்குப் போனேன். இரவு முழுக்கக் கண் மூடவில்லை. நான்சி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க அண்ணே என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அவனைக் கடைக்கு அனுப்பியது நான்தான், டிஸ்க் எடுக்கத்தான் போனான், உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டாள். பிறகு வீட்டுக்குள் பார்த்து மாமியார் ஜெபமாலையம்மாளைக் கூப்பிட்டாள்.

"அத்தே... அவரு குடிக்கப் போகலையாம்."

உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. நான்சியும் அழுதாள். ஒரு வருடமாக அவர்கள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். என்னிடம் அது இருந்தது. நான் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அவன் கிளம்பிப் போன பிறகான அந்த நான்கு நிமிடம். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்கு முன்னால் மனசு கேட்காமல், அந்தச் சிவப்பு டேப் டிஸ்க்கை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

நான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அது இங்க ஏதுண்ணே? கல்யாணக் கோட்டைப் போட்டு, கையில ஜெபமாலையைச் சுத்தி, டிஸ்க்கைச் சட்டைக்குள்ள வச்சு நான்தான் பட்டன் போட்டுவிட்டேன். அதோடதான் பெட்டியை மூடுனோம்."

அந்த நான்கு நிமிடத்தைச் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை ஆவூர் வரை போனேன். கோயிலைத் தாண்ட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான்சி, 7.09-க்கே பாட்டு வந்துவிட்டது. போன் என் கையில்தான் இருந்தது.