செங்டுவில் வைத்த மல்லிகை

யோகா டீச்சர் வேலையில் ஒரு வசதி மட்டும் கிடையாது: எதிரே இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் அழலாம், நாம் மட்டும் மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சக டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாததா! சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த என்னை, சீனாவில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். நான் தயங்கினேன். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் தயங்கவில்லை. மதுரை பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"தைரியமாப் போயிட்டு வா. நான் என்ன சின்னப் பிள்ளையா, ஒன்னத் தேடி அழுவதுக்கு?"

வெந்நீர்

முதல் ஊர் குவாங்சோ. நம் ஊர் சித்திரை வெயிலையே தேவலை என்று சொல்லவைக்கும் புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் எல்லாரும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். ஓட்டலில் ஐஸ் வாட்டர் கேட்டேன். பரிமாறிய பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

எனக்கு மொழிபெயர்க்க லின் என்று ஒரு பெண்ணைக் கூடவே அனுப்பியிருந்தார்கள். அவளும் நானும் பேசிக்கொண்டது இங்கிலீஷ்தான் என்று இருவரும் நம்பினோம். தலை வலிக்கிறது என்றேன். வெந்நீர் குடியுங்கள் என்றாள். வயிறு சரியில்லை என்றேன். அதற்கும் வெந்நீர். கடுப்பில், வீட்டு ஞாபகம் வந்து தூக்கமே இல்லை, அதற்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்:

"அதற்கும் வெந்நீர்தான் டீச்சர். கொஞ்சம் அதிகமாகக் குடிக்க வேண்டும்."

மல்லிகைக்குக் கிடைத்த மரியாதை

அடுத்தது செங்டு. அங்கே ரோட்டோரம் ஒரு அம்மாள் மல்லிகை மொட்டுகளைக் கம்பியில் கோத்து, வளையல் வளையலாக விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் அதைக் கையில் மாட்டிக்கொள்கிறார்கள். பூக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு அது போதுமா? இருந்ததையெல்லாம் வாங்கி, கம்பியை உருவிப் போட்டு, நூலில் நெருக்கிக் கட்டி, தலை நிறைய வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் என் தலையையே பார்த்தார்கள். முதல் வரிசையில் எப்போதும் பாய் விரிக்கும் சூ அம்மா எழுந்து வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வீட்டில் யார் இறந்துபோனார்கள் என்று கேட்டார். தலையில் வெள்ளைப் பூ வைத்தால் இங்கே துக்கம் என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் நேர் எதிர், புருஷன் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சாயங்காலம் போனில் இதைக் கேட்ட வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை:

"ஏட்டி, அப்ப நம்ம ஊர்ப் பொம்பளைய மொத்தமா அங்கன வந்து எறங்குனா, ஊரே அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிருவாங்களே!"

சத்தமில்லாத சந்தை

குன்மிங்கில் பெரிய பூச்சந்தை ஒன்று இருக்கிறது. தோவாளையைத் தாண்டி எந்தப் பூச்சந்தையும் பார்க்காத மனிதருக்குக் காட்டவேண்டும் என்று வீடியோ காலில் கூப்பிட்டேன். ரோஜாவை நம் ஊரில் வெங்காயம் கொட்டுவதுபோல் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய ஹாலில் வியாபாரிகள் பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, எதிரே உள்ள திரையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினார்கள். ஏலம் முடிந்துவிட்டது.

"சத்தமில்லாம என்னட்டி யாவாரம்? ஒருத்தன ஒருத்தன் வையக்கூட மாட்டானா?" என்று கேலி செய்தார். பிறகு கேலி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் திருப்பு என்று போனையே சுற்றச் சொன்னார். மல்லி எங்கே என்று தேடினார். கடைசியில் சொன்னார்:

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுதேன். அடுத்த வாட்டி ஒங்கூட நானும் வாரேன்."

சவாசனம்

எந்த வகுப்பையும் சவாசனத்தில்தான் முடிப்போம். குன்மிங்கில் ஒரு காலை, எல்லாரும் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தபோது கொழுந்தன் போன் செய்தார். மார்க்கெட்டில் பிச்சிப்பூ மூட்டைகளுக்கு நடுவே என் வீட்டுக்காரர் சரிந்து விழுந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

போனை வைத்தேன். என் குரலை நம்பிக் கிடக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியுமா? விரல்களை அசையுங்கள், வலது பக்கம் திரும்புங்கள், மெதுவாக எழுந்து உட்காருங்கள் என்று வழக்கம்போல் சொன்னேன். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. லின் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டாள். தன் பிளாஸ்கை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"டீச்சர், இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை."

ஈரச் சாக்கு

நான் வந்து சேரும்வரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். காரியத்தன்று நாத்தனார் அழுதுகொண்டே என் தலையில் பூ வைத்தாள், அழுதுகொண்டே எடுத்தாள். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பூ அனுப்பிய மனிதரின் வீட்டில், எனக்கு ஒரு மொட்டுக்குப் பாத்தியதை இல்லாமல் போயிற்று.

மார்க்கெட் வாசலில் பூ விற்கும் பார்வதி அக்காதான் எனக்குத் தினமும் ஒரு முழம் அளந்து கொடுப்பவள். சில வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். என்னைக் கண்டதும் கூடையை ஈரச் சாக்கால் மூடிவிட்டாள். என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்தான் மூடினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒன் முன்னால வச்சு விக்க எனக்கு மனசு வரலியே கோமதி."

சூ அம்மாவின் கேள்வி

அதற்கு மேல் ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் பூ வாசம், இல்லாவிட்டால் பரிதாபம். மிச்சம் இருந்த வகுப்புகளை முடித்துத் தருகிறேன் என்று செங்டுவுக்குத் திரும்பினேன். சூ அம்மாவிடம் லின் முன்பே சொல்லியிருந்தாள். அவர் என்னைச் சுற்றிவந்து முன்னும் பின்னும் என் தலையைப் பார்த்தார். ஏதோ கேட்டார். லின் மொழிபெயர்க்கத் தயங்கினாள். பரவாயில்லை, சொல் என்றேன். இறந்துபோன கணவருக்காக ஒரு வெள்ளைப் பூ கூட வைக்கவில்லையே, அவர் மேல் ஏதாவது கோபமா என்று கேட்கிறார் என்றாள்.

எங்கள் ஊரில் புருஷன் போனால் பூவும் போய்விடும் என்று சொன்னேன். சூ அம்மா வெளியே போய் ஒரு மல்லிகை வளையல் வாங்கிவந்து, தன் கொண்டை ஊசியைக் கழற்றி என் தலையில் குத்திவிட்டார். வாசம் மூக்கில் ஏறியதும் பாயில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊரில்கூட அப்படி அழவில்லை. மூச்சை இழுத்து விடும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்போது இதை எடுக்க வேண்டும் என்று அப்புறம் சூ அம்மாவிடம் கேட்டேன்.

"அவரை மறந்த அன்றைக்கு எடுத்தால் போதும்."

ரெண்டு முழம்

ஊருக்கு வந்ததும் நேரே பார்வதி அக்காவிடம் போய் ஒரு முழம் மல்லி கேட்டேன். "அண்ணாச்சி படத்துக்கா?" என்றாள். தலைக்கு என்றேன். எடுத்த கை அப்படியே நின்றது. அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு ரெண்டு முழமாக அளந்து, இலையில் சுருட்டி, என் பைக்குள் திணித்தாள்.

"வீட்டுல போயி வச்சுக்கோ கோமதி. இங்கன வச்சேன்னா நான் அழுதுருவேன்."

இப்போது தினமும் பூ வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். முகம் சுளிப்பவர்களிடம், நான் சீன முறைப்படி துக்கம் காக்கிறேன், அவரை மறந்ததும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.