கட்டத்துக்கு வெளியே விழுந்த புள்ளிகள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் போடி கடைவீதிக்கு வந்து என்னிடமே கேட்கலாம். பொய் சொல்லிப் பிழைத்த குடும்பம் அல்ல எங்களுடையது. 1989-இல், பட்டப்பகலில் நடந்தது.

எங்கள் ஏலக்காய்க் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அதைப் பார்த்துக்கொண்டவள் செல்வமணி. இறந்துபோன என் தம்பி ராஜமணியின் மகள். கோயம்புத்தூரில் புரோகிராம் எழுதப் படித்தவள். வடுகபட்டியில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம்.

மதியம் கடையைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்தால், திரையில் அம்புக்குறி வேறு இடத்தில் நிற்கும். தினமும். கடைக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். மற்றது அவளிடம்.

கடை ஆட்கள் கவனித்துவிட்டார்கள். பூட்டிய கடைக்குள் அவள் யாரையோ வரவழைக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. வடுகபட்டிக்கு எட்டினால் கல்யாணம் நின்றுவிடும்.

மவுஸ் அசைந்தால் குறித்துவைக்கும்படி அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். முதல் நாள் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அம்பு இடம் மாறியிருந்தது.

திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினாள். "இதுக்குள்ள அம்பு வந்தாத்தான் புரோகிராமுக்குத் தெரியும் பெரியப்பா. வெளிய என்ன நடந்தாலும் தெரியாது."

"வீட்டுக்குள்ள வாரவனை மட்டும் பாக்க எதுக்குத்தா காவக்காரன்? தெருவுல நிக்கிறவனையும் பாக்கச் சொல்லு."

உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இனித் திரையில் அம்பு எங்கே போனாலும் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி விழும்.

"என்னையச் சந்தேகப்படுறீகளா பெரியப்பா?"

நான் எடைக்கற்களைப் பொறுக்க எழுந்தேன்.

மதியம் பூட்டும்போது சின்ன எடைக்கற்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது என் அப்பா காலத்து வழக்கம். அன்று அவள் படியிறங்கிய பிறகு, மவுஸையும் கழற்றி அதே பையில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் சாவியையும் வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்கே சாப்பிட அழைத்துப் போனேன்.

சாப்பிட்டு, நான் வழக்கம்போல் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்ததும் திரும்பி வந்தோம். பூட்டைத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

கம்ப்யூட்டரின் உறுமல் மட்டும்... ம்ம்ம்ம்...

அவள் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு வெளியே, திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

ஒன்று... இன்னொன்று...

"பெரியப்பா... மவுஸ் எங்க?"

"என் பையில."

பை என் இடது கையில்தான் தொங்கியது.

கீழே வைத்தேன்.

புள்ளி நின்றது.

அன்றைக்கே சாவியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கடை ஆட்களைக் கூப்பிட்டேன். "கடைக்கு ஒருத்தனும் வரல. நானே பாத்துட்டேன். இனி எம்பிள்ளையப் பத்தி வாயத் தெறந்தவன் இங்கன நிக்க முடியாது" என்றேன். புள்ளிகளைப் பற்றி மூச்சுவிடவில்லை. குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

சில வாரம் கழித்து, என் வீட்டோடு இருக்கும் தங்கை அன்னத்தாய் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இப்பல்லாம் நிம்மதியா ஒறங்குறீக அண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி, மத்தியானம் கண்ணசந்தா ஒங்க கை மட்டும் ஒறங்காது. பாய்மேல அங்கிட்டும் இங்கிட்டும் எதையோ தள்ளிக்கிட்டே கெடக்கும். எழுப்பவே பயமா இருக்கும்."

"எந்தக் கை?"

"இடது கைதான்."

நான் வலக்கைக்காரன். எங்கள் குடும்பத்தில் இடக்கைக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

செல்வமணியின் அப்பா.