அக்கா பெயின்ட் அடித்த அறை

அக்காவின் படத்துக்குக் கீழே 'தியாகச் சுடர்' என்று போடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அச்சகத்தில் அதை எடுக்கச் சொன்னவன் நான்தான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரை வாங்கியிருக்கும் பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். கூடப் பிறந்த தம்பி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ரெட்டியார்சத்திரம் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூற்பாலைக்குப் போனார். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. ஒரே வருடத்தில் திரும்பி வந்தார். திண்டுக்கல்லில் அப்பா விட்டுப் போன பழைய வீட்டில் என்னைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் ஹாலில் பாய் விரித்துப் படுப்பார். டிவி ஓடும், குக்கர் கத்தும், நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போவோம். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கிடப்பார். முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே என்னிடம் வந்தார். "தம்பி, அந்தச் சாமான் ரூம நான் எடுத்துக்கிறேன்டா. எனக்குன்னு ஒரு கட்டிலு, ஒரு கதவு, அம்புட்டுத்தான்" என்றார். "எடுத்துக்கக்கா" என்றேன். ஆள் வைத்துச் செய்து தருகிறேன் என்று என் வாயில் வரவில்லை.

அவரே இறங்கினார். பொரிந்து கிடந்த சுவரைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, பச்சை, நீலம், காவி என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த பூச்சு ஏடு ஏடாக உரிந்தது. பெயின்ட் கடைக்காரரிடம் கேட்டும் செல்போனில் பார்த்தும் பட்டி பூசக் கற்றுக்கொண்டார். உப்புத்தாள் தேய்த்து விரல் நுனியெல்லாம் புண். "ஏலே, ரெண்டு சுவரு முடிச்சிட்டேன், செத்த நேரம் வந்து பாரேன்" என்பார். "வாரேன்க்கா" என்பேன். போனதில்லை.

அந்த நேரத்தில் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். அவளைப் பார்க்கச் செம்பட்டியிலிருந்து வந்த சித்தி, சுரண்டும் சத்தம் கேட்டுக் கொதித்துவிட்டார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல சுவத்தச் சுரண்டுறது, ஆணி அடிக்கிறதெல்லாம் ஆகுமா? இதெல்லாம் பெத்திருந்தா தெரியும்!" சித்தி இதைப் படிப்பார். படிக்கட்டும். நான் பக்கத்தில்தான் நின்றேன். சித்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவிடம்தான் போய், "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையிக்கா" என்றேன். மூன்று மாதம் அந்த அறை பாதி வேலையோடு கிடந்தது.

பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் எங்கள் அறையில்; என் மனைவி அவர்களோடு. நான் ஹாலில் படுத்தேன். இரண்டே வாரத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வெட்கமில்லாமல் அக்காவிடம் போனேன். "அந்த ரூம முடிச்சிட்டா புள்ளய அங்க படுக்க வச்சிரலாம்ல?"

அக்கா அந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எது வரைக்கும்ப்பா?" என்றார்.

"பய கொஞ்சம் தேறுற வரைக்கும்க்கா."

எட்டு நாளில் முடித்தார். தனக்கென்று வாங்கி வைத்திருந்த இளம்பச்சையை ஒதுக்கிவிட்டு, என் மகள் கேட்ட மஞ்சளை அடித்தார். வாடை போக ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து போட்டார். புதிதாக வாங்கிப் போட்ட கட்டிலை அவரே துடைத்து, அவர்களைக் குடிவைத்தார்.

மகள் மாமியார் வீட்டுக்குப் போன பிறகும் அறை அக்காவுக்கு வரவில்லை. மாப்பிள்ளை வந்தால் தங்க இடம் வேண்டும் என்றாள் என் மனைவி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் என்ன மனுஷன்! ஒரு நாள் அக்கா, "தம்பி, பய தேறிட்டான்ல?" என்று கேட்டார். "கொழுகொழுன்னு இருக்கான்க்கா" என்றேன். அவர் கேட்டது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில் அக்கா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அன்று அந்த அறை காலியாகத்தான் இருந்தது.

சேதி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், மூன்று நாள் அடுப்பு மூட்ட விடாமல் சோறும் வெஞ்சனமும் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவோடு ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்குத் தனியாக நன்றி. அவர்களில் ஓர் அம்மா அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்கக்கா ரூம் எதுப்பா? மஞ்சப் பெயின்ட் அடிச்சு, கட்டிலு போட்டு, தம்பி எனக்குன்னு குடுத்திருக்கான், அங்கதான் நிம்மதியாத் தூங்குறேன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பா."

கதவைத் திறந்துவிட்டு, "இதுதாம்மா" என்றேன். அவர் உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். "குடுத்து வச்ச மகராசி" என்றார்.

அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். என் அக்கா அந்த அறையில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.