இரண்டாவது டம்ளர்

என் மாமனாரின் மஞ்சள் பையில் எப்போதும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, பழைய துண்டில் சுற்றி வைத்திருப்பார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, குத்தாலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பாருக்கு அந்தப் பையோடுதான் போவார். பிளாஸ்டிக் டம்ளரில் குடித்தால் பக்கெட்டை நக்கியதுபோல இருக்கிறது என்பார். மறுநாள் காலையில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பது நான்தான். ஒன்றில் அவர் பெயர் வெட்டியிருக்கும். இன்னொன்று விளிம்பு நசுங்கியது. அதில் இருந்தது என் கணவரின் பெயர்; சிறுவயதில் காதுகுத்துக்கு வந்த சீர் டம்ளர். ஒருவர் குடிப்பதற்கு எதற்கு இரண்டு டம்ளர் என்று கேட்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. புது மருமகள், மாமனாரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்ற யோசனையிலேயே நாட்கள் போய்விட்டன.

கேட்டபோது அவர் சங்கடப்படவே இல்லை. “இன்னொண்ணு கூட்டாளிக்கு ஆயி” என்றார். அந்தக் கூட்டாளி எப்போதோ இறந்துபோனவர். பாரிலிருந்து வரும் வழியில், தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடிய வாய்க்காலில் தவறி விழுந்தவர். “செத்தது அவனுக்குத் தெரியல. மறுநாளும் வந்து எதுத்தாப்புல உக்காந்துட்டான். நீ செத்துட்டடான்னு யாரு சொல்றது? எனக்கு மனசு வரல. டம்ளர எடுத்து வச்சிட்டேன்.” தண்ணீர் அதிகமாக ஊற்றினால் பேய் முகம் சுளிக்குமாம். சுண்டல் மட்டும் தொடாதாம். ஏன் என்று கேட்டால், “பல்லு செட்ட வாய்க்கால்லயே விட்டுட்டான்ல” என்பார். என் மகன் பிறந்த பிறகு அவனை மடியில் போட்டுக்கொண்டு இதே கதைகளைச் சொல்வார். பச்சைக் குழந்தையிடம் பார் கதையும் பேய்க் கதையும் சொல்லலாமா என்று எனக்குள் பதறும். ஆனால் குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பேசாமல் இருந்துவிடுவேன்.

கல்யாணமான புதிதில் என் கணவரும் குடிப்பார். அறுவடை எந்திரம் ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போகிற வேலை. குடித்தால் அடிக்கமாட்டார், கத்தமாட்டார். வண்டியோடு எங்காவது விழுந்து கிடப்பார், யாராவது வீட்டுக்குப் போன் செய்வார்கள். மாமனார் டார்ச் லைட்டோடு போய்த் தூக்கி வருவார். அவரும் குடிப்பவர் என்பதால் மகனைக் கண்டிக்க அவருக்கு வாய் வரவில்லை என்று நினைத்தேன். வளைகாப்பு வரைக்கும் காத்திராமல் வலங்கைமானில் இருந்த அம்மா வீட்டுக்கு நான் போய்விட்டேன். குழந்தை பிறந்து திரும்பி வந்தபோது கணவர் குடியை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்டால், “வயித்துக்கு ஒத்துக்கல” என்றார். நான் பிரிந்து போனதாலா, குழந்தையாலா, உண்மையிலேயே வயிற்றாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகன் தவழத் தொடங்கிய சமயத்தில், கடையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. போய்விட்டார். பையையும் டம்ளர்களையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

மகன் நடந்தான், ஓடினான், ஆனால் பேசவில்லை. மூன்று வயதை நெருங்கியும் ஒரு சொல் இல்லை. பேருந்தில் தஞ்சாவூர் வரை கூட்டிப்போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுத்தோம். வீட்டில் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஊத்து, குடி, வை, எடு என்று நாள் முழுக்கச் சொன்னேன். பி.எட். படித்து அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளால் என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை வரவழைக்க முடியவில்லை. கோயில்களுக்கும் வேண்டிக்கொண்டாயிற்று. ஒருநாள் பயிற்சியில் மற்றக் குழந்தைகள் பாட்டுப் பாடுவதைப் பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் மாட்டியிருந்த மாமனாரின் படத்துக்கு முன்னால் நின்றேன். “மாமா, ஒங்க பேரன் வாயத் தொறந்தா ஒங்களுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கி வைக்கிறேன்” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, பாலை ஆற்றி அவன் டம்ளரில் பாதி ஊற்றிவிட்டு நிறுத்தினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஊத்து” என்றான். தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக. ஊற்றினேன். குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, “இன்னொண்ணு ஊத்து” என்றான். அழுதுகொண்டே சிரித்தேன். இது பயிற்சியில் வந்ததா, கோயிலால் வந்ததா, படத்திலிருந்து வந்ததா? நான் சொல்லிக்கொடுத்த சொல்தான். ஆனால் அந்தத் தோரணையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி கடனைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் வந்த பேச்சு நின்றுவிடுமோ என்று பயம். செலுத்தினால், குடியை விட்ட மனிதர் இருக்கும் வீட்டுக்குள் நானே பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். அதிலும் படைத்ததை வீட்டு ஆண்பிள்ளை எடுத்துக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “வேண்டிக்கிட்டா செஞ்சிடணும். எனக்காகப் பாக்காத” என்றார். அவரையே வாங்கி வரச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே பட்டப்பகலில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே குத்தாலத்துக்குப் பேருந்து ஏறி, அந்தப் பாரை ஒட்டிய மதுக்கடையில் போய் நின்றேன்.

“யாருக்கும்மா?” என்று கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டார் விற்பவர்.

“எங்க மாமனாருக்கு.”

“அவர வரச் சொல்லு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீ ஏன் வர்ற?”

“அவரு தவறிட்டாருங்க.”

வரிசையில் பின்னால் நின்றவர், “அப்ப அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல. எனக்கு மொதல்ல குடுங்க” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பார் வாசலில் நின்ற நரைத்த மீசைக்காரர் ஒருவர் அவர்களை அதட்டிவிட்டு என்னிடம் வந்தார். “மோட்டார்காரர் மருமவதான நீங்க? அவரு குடிக்கிற சரக்க நான் சொல்றேன்” என்று கேட்டு வாங்கிக்கொடுத்தார். பிறகு, “டம்ளர் ரெண்டும் இருக்குல்ல? ரெண்டுலயும் ஊத்துங்க” என்றார்.

“ரெண்டாவது அந்தச் செத்துப்போன கூட்டாளிக்குத்தானே?”

“குடிக்கிறது கூட்டாளி. பங்கு ஒங்க வீட்டுக்காரரோடது” என்றார் அவர். “ஒங்க மாமனாரு தெனமும் அந்தக் காலி நாற்காலிகிட்ட கெஞ்சுவாரு. ‘இது என் மவன் பங்குடா. அவன் குடிக்க வேண்டியதயும் நீயே குடிச்சிரு, அவன விட்டுரு’ம்பாரு. நாங்க சிரிப்போம்.”

“அப்புறம் அத யாருங்க குடிப்பா? நீங்களா?”

“மொதல்ல நான்தான். விஷயம் தெரிஞ்சப்புறம் தொடல. மத்தவங்களயும் தொட விடல. ஆனா அவரு கெளம்புறப்ப டம்ளர் காலியாத்தாங்க இருக்கும். எனக்கும் புரியல.”

செத்தவரின் டம்ளரில் ஏன் என் கணவரின் பெயர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்துப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மகனைக் கண்டிக்க வாய் வராதவர் பேயிடம் கெஞ்சியிருக்கிறார். பேருந்தில் வரும்போது அழுகை வந்தது. மகன் என் கன்னத்தைத் தொட்டு, “ஊத்து” என்றான். அப்போது அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

சாயங்காலம் வரை பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். மூடி உடையாமல் இருக்கிறதா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுண்டல். முட்டைகளைக் கணவரே உரித்துக் கொடுத்தார். பாட்டிலின் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டு, இரண்டு டம்ளர்களிலும் ஊற்றினேன். மீதியைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கொட்டினேன். “மரத்துக்கு ஏறிடப்போவுது” என்றார் கணவர். திரும்பி வந்து மகனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். கணவர் சூடம் காட்டிவிட்டுக் கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினார். இறந்தவர்கள் வந்து சாப்பிடும்வரை வீட்டுக்குள் யாரும் இருக்கக்கூடாது.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தோம். மாமனாரின் டம்ளர் நிறைந்திருந்தது. நசுங்கிய டம்ளர் காலியாக இருந்தது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். திருநீறு பூசும் சாக்கில் அவர் முகத்தருகே போனேன். சாம்பிராணி வாசனைதான் வந்தது. ஆனால் வீடு முழுக்கச் சாம்பிராணியும் பிராந்தியும் கலந்து மணத்தது. அதில் என்ன கண்டுபிடிக்க முடியும்? மாமனாரின் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்த் தென்னைக்கே ஊற்றினேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. சோறு போடும்போது கேட்டுவிட்டேன். “அன்னைக்கு அந்த டம்ளர நீங்க எடுத்தீங்களா?”

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ கொட்டிட்டன்னுல்ல நெனச்சேன். எனக்குப் பயந்துகிட்டு.”

“நான் கொட்டலீங்க.”

“ஊத்துனியா மொதல்ல?”

ஊற்றினேன் என்றேன். சொன்ன கணத்திலிருந்து அதுவும் சந்தேகமாகிவிட்டது. முதல் டம்ளரில் ஊற்றியது கண்ணில் நிற்கிறது. இரண்டாவதில் ஊற்றியதை நினைத்துப் பார்த்தால், கணவரின் பெயர்தான் தெரிகிறது, பிராந்தியின் நிறம் தெரியவில்லை. கொட்டிவிட நினைத்தது உண்மை. நினைத்ததைச் செய்துவிட்டேனா? மீசைக்காரர் சொன்னதை அன்றுதான் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு எழுந்து, கழுவி வைத்திருந்த நசுங்கிய டம்ளரை எடுத்துத் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அந்த டம்ளர்களை மறுபடி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றவில்லை. இப்போது மகன் நிறுத்தாமல் பேசுகிறான். கணவர் அறுப்புக்குப் போய் வரும் நாட்களில் நான் இன்னமும் ஏதாவது சாக்கில் அவர் முகத்தருகே போகிறேன். வைக்கோல் தூசும் டீசலும் மணக்கும். அவருக்கும் என் சாக்கு தெரியும். முகத்தைத் திருப்பாமல் நிற்பார். சாயங்காலம் பால் ஆற்றினால் மகனுக்கு இரண்டு டம்ளர்களும் வேண்டும். தாத்தாவின் டம்ளர் தனக்கு. நசுங்கியதை அப்பாவின் பக்கம் தள்ளி, “இது அப்பா பங்கு” என்கிறான். பங்கு என்ற சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பால் பிடிக்காத மனிதர் அதை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார். கழுவுவதற்கு முன் அந்த டம்ளரை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். பால் வாசனைதான்.