கொட்டச்சேடு வளைவில் ஒரு மனு

கொட்டச்சேடு ஸ்டாப்பில் ஏற்காடு பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்பதாகியும் பனிமூட்டம் விலகவில்லை. மடியில் ஜார் காலத்து ரஷ்யாவைப் பற்றிய தடித்த புத்தகம். பக்கத்தில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண் ஒருவர் நிற்கிறார். கையில் பாலித்தீன் கவருக்குள் மடித்து வைத்த காகிதம்.

பஸ்ஸுக்கா என்று கேட்கிறேன்.

“இல்லீங்க. எஸ்டேட் ஓனரு இன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து வர்றாருங்க. கார நிறுத்தி மனு குடுக்கோணும். எங்க மாமியா காலத்துல இருந்து குடியிருக்கற எஸ்டேட் லயன் ஊட்டக் காலி பண்ணச் சொல்லி, கணக்கெழுதற ரைட்டரு நொம்ப மெரட்டறாருங்க. ஓனருக்குத் தெரிஞ்சா விடமாட்டாருங்க. நல்ல மனுசன்.”

மடியிலிருக்கும் புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறேன். ஏறக்குறைய இதே பேச்சைச் சற்றுமுன்தான் படித்தேன்.

“அது என்ன புக்குங்க?”

“ரஷ்யாவுல ராஜாவுக்கு மனு குடுக்கப் போன ஜனங்களைப் பத்திங்க. அதிகாரிங்கதான் கெட்டவங்க, ராஜாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பி, அவர் படத்தையே தூக்கிக்கிட்டு அரண்மனைக்குப் போனாங்க.”

“வாங்குனாருங்களா?”

சிப்பாய்கள் சுட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அன்னைக்கு ராஜா அரண்மனையில இல்லைங்க” என்கிறேன். அதுவும் உண்மைதான்.

அவர் சிரித்துவிடுகிறார்.

“ஆள் இருக்காரான்னு பாக்காமப் போயிருக்காங்க பாருங்க. அதுக்குத்தானுங்க நான் ரோட்டுலயே நிக்கறேன்.”

வளைவில் கார் ஹாரன் கேட்கிறது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடுரோட்டுக்குப் போகிறார்.